நீதிமன்ற மேசையும் நம் பிள்ளைகளும்

அனுமந்தை, மரக்காணம் பக்கம் உப்பு வாரும் குடும்பங்களிலும் இன்று பட்டதாரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தச் செய்தி.

உச்ச நீதிமன்றம் தொடங்கியது 1950இல். இடஒதுக்கீட்டு வழக்குகளில் நாட்டுக்கே தீர்ப்பு சொன்ன அந்த நீதிமன்றம், தன் அலுவலகப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு என முறையான ரோஸ்டரை நடைமுறைப்படுத்தியது 2025 ஜூன் 23இல்தான். அப்போது தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய். நேரடி நியமனம், பதவி உயர்வு இரண்டுக்கும் இது பொருந்தும்; நீதிபதி பதவிகளுக்குப் பொருந்தாது.

‘எழுத்தர் வேலைதானே’ என்று ஒதுக்க வேண்டாம். ஏழையின் மனுவும் அந்த மேசைகளைத் தாண்டித்தான் நீதிபதியிடம் போகிறது.

2025இல் இளநிலை நீதிமன்ற உதவியாளர் பணிக்குக் கேட்ட தகுதி, ஒரு பட்டமும் கணினியில் நிமிடத்துக்கு 35 ஆங்கிலச் சொல் தட்டச்சும். பட்டம் நம்மிடம் இருக்கிறது. தட்டச்சுக்குக் கட்டணம் கட்டத்தான் பலரால் முடியவில்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலைநேரத் தட்டச்சு, ஆங்கிலப் பயிற்சியை அரசு இலவசமாகத் தர வேண்டும்.

‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று காலியிடங்களைக் கிடப்பில் போடுவது பழைய தந்திரம். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மாணவர்களே, இன்றே தொடங்குங்கள்.