கற்ற வித்தை பைலில் ஏறட்டும்!

2015 டிசம்பர். அடையாறு கரைபுரண்டு சென்னைத் தெருக்களில் ஓடியது. அப்படிப்பட்ட ராத்திரியில் அதிகாரிக்குத் தெரிய வேண்டியது என்ன? "யாருக்குப்பா படகு ஓட்டத் தெரியும்? முதலுதவி யாருக்குத் தெரியும்?" என்பதுதான்.

பதில் தொண்டரின் பைலில் இருக்க வேண்டும்.

'ஆப்த மித்ரா' திட்டத்தில் 350 மாவட்டங்களில் 1 லட்சம் தொண்டர்களுக்கு 12 நாள் பயிற்சி என்று மத்திய அரசு இறங்கியது. நல்லதுதான். ஆனால், ஊர்க்காவல் படைக்காரர் ஒருவர் வேலைக்கு லீவு போட்டு, தானாகக் கற்ற வெள்ள மீட்புப் பயிற்சி? "கட்டாயமில்லாததுதானே" என்று குறிக்காமல் விட்டால், தண்ணீர் வரும்போது அவரைக் கூட்டத்தை ஒதுக்கத்தான் நிறுத்துவார்கள்!

ரத்த வகை எழுதும் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி போதும். என்ன பயிற்சி? எந்தத் தேதி? தேதி முக்கியம். பழகாத கை மறந்துபோகும்.

செலவு? கொஞ்சம் பேனா மை!