பழையனூரார் கொடுத்த வாக்கு

கடமை என்னும் சொல்லை மேடையில் முழங்குவது எளிது. அதன் விலை இன்னதென்று அறிய விரும்பும் அன்பர்கள் திருவாலங்காட்டுக்கு ஒருமுறை சென்று வரல் வேண்டும். சென்னையினின்று அரக்கோணம் செல்லும் ரயில் மார்க்கத்தில், திருத்தணி வட்டத்தைச் சேர்ந்தது அவ்வூர். கூத்தப் பெருமானின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை அங்கே விளங்குகிறது. காரைக்காலம்மையார் வந்து தங்கிய தலமும் அதுவே. பக்தர்கள் இவற்றை நன்கறிவார்கள். நாம் இன்று எழுதப் புகுந்ததோ, கோயிலுக்கு அணித்தாயுள்ள பழையனூரையும், அவ்வூர் வேளாளர் எழுபதின்மரையும் பற்றியதாகும்.

வரலாறு தமிழ் மக்கள் கேட்டதே. வணிகன் ஒருவன் பழையனூர் வழியே வருகிறான். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திய நீலி என்னும் பேய்மகள் அவனைத் தொடர்கிறாள். ‘இவர் என் கணவர், என்னைக் கைவிட்டு ஓடுகிறார்’ என்று ஊரார் முன் அழுகிறாள். ‘இவள் என் மனைவியல்லள், என் உயிர் கொள்ள வந்த பேய்’ என்று அவன் கதறுகிறான். ஊரார் கண்ணீரை நம்பினர். இருவரும் அன்றிரவு ஒரு வீட்டில் தங்குக என்றனர். அவனுக்குக் காப்பாயிருந்த கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டனர். ‘உனக்குத் தீங்கு நேருமாயின் எங்கள் எழுபதின்மர் உயிரும் ஈடு’ என்று வாக்களித்தனர். பொழுது புலர்ந்தபோது வணிகன் பிணமாய்க் கிடந்தான். எழுபதின்மரும் தீ வளர்த்து அதில் பாய்ந்தனர். ஏழாம் நூற்றாண்டினராகிய ஞானசம்பந்தரின் பதிகத்திலேயே இவ்வஞ்சனையின் குறிப்பு காணப்படுகிறது. அவர்கள் நினைவாக எழுந்த மண்டபமும் அங்கே உண்டு.

இங்கே ஒரு வினா எழுகின்றது. இறந்த வணிகன் எழுந்து வந்து வாக்கை நிறைவேற்றுமாறு கேட்கப் போவதில்லை. ஏமாற்றியவளோ மறைந்துவிட்டாள். எழுபது பேர் மடிவதால் அவன் உயிர் பெறப் போவதுமில்லை. அவ்வாறிருக்க அவர்கள் செய்தது தர்மமா, வீண் பிடிவாதமா?

மேனாட்டு அறநூலார் இத்தகைய வினாவை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கின்றனர். பயனைக் கொண்டே செயலின் நன்மை தீமையை அளக்க வேண்டும் என்பது ஜான் ஸ்டூவர்ட் மில் முதலியோர் கொள்கை. அவ்வளவைக்குப் பழையனூரார் செயல் எழுபது குடும்பங்களை அனாதையாக்கிய செயலாகவே தோன்றும். ஜெர்மானிய ஞானி இம்மானுவேல் கான்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் வேறு வழி காட்டினார். பொய் வாக்கு எல்லாரும் கைக்கொள்ளக்கூடிய நெறியாகாது. அப்படிக் கைக்கொண்டால் வாக்கு என்பதே உலகில் இராது என்றார். ஆயினும் அதே நூலில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வதும் கடமைக்கு மாறு என்றார். ஆகவே அவரும் எழுபதின்மரின் வாய்மையை வணங்குவாரேயன்றி அவர்கள் புகுந்த தீயை வாழ்த்தமாட்டார். மனைவி மக்களுக்குச் செய்யும் கடன் ஒருபுறம், கொடுத்த வாக்கு மறுபுறம் எனக் கடமையோடு கடமை மோதும் இடம் அது.

நம் கருத்தை ஒளியாது கூறுவோம். எழுபதின்மர் காலையில் செய்ததைக் குறித்தே உலகம் பேசுகிறது. அவர்களுடைய கடமை பிறந்ததோ முந்தின நாள் மாலையில். அந்த மாலையில் அவர்கள் தவறினர் என்பதே நமது துணிபு. ஒருவன் உயிருக்கு அஞ்சி முறையிடுகிறான். அவன் கூற்றை ஆராயாமல், அவனுக்கிருந்த ஒரே காப்பையும் பறித்து, அதற்கீடாகத் தங்கள் சொல்லைத் தந்தனர். பிறனைப் பார்த்து, ‘உன் காப்பை எம்மிடம் கொடு, எம் சொல்லை நம்பு’ என்பவன், அக்கணமே தன் கடமையை இருமடங்காக்கிக் கொள்கிறான். சொல்வதற்கு முன் ஆராய்வது ஒரு மடங்கு. சொன்ன பின் காப்பது மற்றொன்று. வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று தனி அதிகாரமே வகுத்தது வீணன்று. பழையனூரார் இரண்டாவதில் இமயம் போல் நின்றனர், முதலாவதில் வழுக்கினர். தீயில் பாய்ந்தது பழியைத் தீர்த்தது, வணிகனைக் காக்கவில்லை.

பெண்ணின் கண்ணீரை நம்பலாகாது என்பதே இதன் பாடமென்று சிலர் பேசுவர். நீலிக் கண்ணீர் என்ற வழக்கும் நிலைத்துவிட்டது. ஆனால் முற்பிறப்பில் அவள் அவனால் கொலையுண்டவள் என்று அதே கதை கூறுகிறது. அவள் பக்கமும் ஒரு வழக்கு இருந்தது! இருவர் வழக்கையும் முற்றக் கேளாததே குற்றம். இன்னும் சிலர் இதைத் தம் குலப்பெருமையாக மட்டும் கொண்டாடுவர். வாய்மை எக்குலத்துக்கும் காணியாட்சியன்று.

வாக்களிப்பது போலவே, ஏற்க மறுப்பதும் சிலபொழுது கடமையாகும். அதற்கும் திருவாலங்காடே சான்று. 1905-இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராஜேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டில் இதே பழையனூரைக் கோயிலுக்கு அளித்ததைக் கூறுவன. அவற்றுள் அவன் தந்தை அருண்மொழியின் செய்தி ஒன்று வருகிறது. குடிகள் வேண்டியும், சிற்றப்பன் உத்தம சோழன் அரசை விரும்பியதால், அருண்மொழி அதனை மனத்தாலும் விரும்பவில்லை என்பது அச்செய்தி. கூட்டத்தின் ஆரவாரத்துக்கு இசைந்து உடனே ‘ஆம்’ என்று சொல்லாத உறுதி அது.

தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களே! இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். ‘நிலத்தைக் கொடு, மாற்று நிலம் எங்கள் பொறுப்பு’ என்று குடியானவனிடம் அதிகாரி சொல்கிறார். ‘வேலைநிறுத்தத்தைக் கைவிடுங்கள், கோரிக்கைக்கு நாங்கள் ஜவாப்தாரி’ என்று தொழிலாளரிடம் தலைவர் சொல்கிறார். ‘வழக்கை வாபஸ் வாங்கு, நாங்கள் இருக்கிறோம்’ என்று ஏழையிடம் ஊர்ப் பெரியவர் சொல்கிறார். கத்தி கைமாறிவிடுகிறது. விடிந்தபின் பிணம் கிடக்கிறது. எழுபதின்மர் எங்கே? ஒருவரைக் கூடக் காணோம். நாளைக்கு வேறோர் ஊரில் வேறோர் வாக்குக் கொடுத்துக்கொண்டிருப்பர்.

தீயில் பாயுமாறு நாம் எவரையும் கேட்கவில்லை. அது வேண்டவும் வேண்டாம். உயிரோடிருந்து வாக்கைக் காப்பதே நாம் கேட்பது. கொடுக்குமுன் இரு பக்கமும் விசாரியுங்கள். காக்க இயலாததைக் கொடுக்க மறுத்துவிடுங்கள். கொடுத்தபின் தவறு நேர்ந்தால், பதவியோ, பொருளோ, புகழோ இழந்தாவது நட்டமுற்றவன் வாசலில் போய் நில்லுங்கள். எல்லாவற்றினும் மேலாக, உங்கள் சொல் நிறைவேறும் வரையில் எளியவன் கையிலுள்ள காப்பைப் பறியாதீர்கள். பழையனூரார் அதைச் செய்திருந்தால், தீ மூட்ட வேண்டிய காலையே வந்திராது.