தூரம் காவலாகாது

கூடங்குளம் எங்கே, கண்டி எங்கே என்று கேட்டு அமைதி காண்போர் நம்மிடையே பலர். 1986 இல் செர்னோபில் வெடித்தது. அங்கிருந்து ஈராயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், வேல்ஸ் மலைகளில் மழையோடு இறங்கிய நஞ்சினால் ஆட்டு மந்தைகள் 2012 வரை கட்டுப்பாட்டில் இருந்தன. மலைநாட்டாராகிய நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

செர்னோபிலில் நிகழ்ந்ததும் பாதுகாப்புச் சோதனையொன்றே. அவசரக் குளிர்விப்பு அமைப்பைத் துண்டித்துச் சோதித்தனர். அத்திட்டத்தை அணுப் பாதுகாப்பு நிபுணர் முறைப்படி ஆராய்ந்திலர். ஆய்வென்பது ஏட்டுச் சடங்கன்று, உயிர்க்காவல்.

கூடங்குளத்தின் முதலாம் அலகில் நான்கு வால்வுகள் குறைபாடுடையன என 2013 ஏப்ரலில் ஒழுங்குமுறை வாரியமே அறிவித்தது. உறுப்புகள் மாற்றப்பட்டன. சோதனை குறையைக் கண்டது நன்றே. ஆயின், அக்குறை உள்ளே நுழைந்தது எங்ஙனம்? மாற்றத்தை ஆராய்ந்த ஏடுகளைக் காணும் உரிமை இடிந்தகரை மீனவனுக்கு இல்லையா? அவ்வாரியம் சுதந்திர அமைப்பாக இன்றி, அரசுக்குக் கீழ்ப்பட்டதாகவே இருந்ததென 2012 இல் இந்தியத் தலைமைக் கணக்காய்வாளர் சுட்டினார். சரக்கு விற்பவனே தராசும் பிடித்தால் நிறை எவ்வாறு நேராகும்?

நுட்பம் பாமரர்க்கு விளங்காதென்பர். விளக்குவதன்றோ அறிஞர் கடன்?

இலங்கையிலும் அணுமின் பேச்சு எழுந்துள்ளது. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் அணுசக்திச் சபையையும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வேறாக்கியது. அவ்வேறுபாடு எழுத்தில் நின்றாற் போதாது. ஒவ்வொரு பாதுகாப்பு மாற்றத்தின் ஆய்வும் சிங்களத்திலும் தமிழிலும் மக்கள்முன் வைக்கப்படும் என்ற உறுதி முதலில் வேண்டும். அதுவரை அடிக்கல் நாட்ட எவருக்கும் உரிமை இல்லை.