பாரிஸ் – போர்தோ: 1 மணி நேர விமானத்துக்கு பிரான்ஸ் தடை போட்டது ஏன்?

பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் இருந்து போர்தோவுக்கு வான்வழி தூரம் சுமார் 490 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகும். அப்படின்னா 37 நிமிடத்தில் போய்விடலாமே? அதுதான் முடியாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து பயண நேரம் 1 மணி 10 நிமிடம் ஆகிவிடும்.

ரயிலில் எவ்வளவு நேரம்?

2017 ஜூலையில் புதிய அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. அதுவரை 3 மணி நேரத்துக்கும் மேல் எடுத்த ரயில் பயணம் 2 மணி 4 நிமிடமாகக் குறைந்தது. ரயில் கிளம்புவதும் போய்ச் சேருவதும் ஊருக்குள்ளேயே. விமானம் என்றால் ஓர்லிக்குப் போகணும், ஒரு மணி நேரம் முன்னதாகவே இருக்கணும், பாதுகாப்பு சோதனை முடிக்கணும், இறங்கிய பிறகு மறுபடி ஊருக்குள் வரணும். கூட்டிப் பார்த்தால் 3 மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-இல் பிரான்ஸ் கொண்டுவந்த பருவநிலைச் சட்டத்தின்படி, நேரடி ரயிலில் 2½ மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊர்களுக்கு இடையே உள்நாட்டு விமானம் இயக்கக் கூடாது. ஆனால், ஒரே நாளில் போய், அங்கே 8 மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பும் அளவுக்கு ரயில்கள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் ஒப்புதலுக்குப் பிறகு 2023 மே மாதம் இது நடைமுறைக்கு வந்தது.

எத்தனை வழித்தடங்கள் நின்றன?

மூன்றே மூன்று. ஓர்லியில் இருந்து போர்தோ, நாந்த், லியோன். இவற்றையும் 2020-லேயே ஏர் பிரான்ஸ் நிறுத்திவிட்டது. கொரோனா கால அரசு உதவிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை அது. பாரிஸின் இன்னொரு விமான நிலையமான சார்ல் த கோலில் இருந்து இதே ஊர்களுக்கு விமானங்கள் பறக்கின்றன. வெளிநாட்டு விமானங்களுக்கு மாறும் பயணிகள் அவற்றையே நம்பியிருக்கிறார்கள்.

அப்போ இது கண்துடைப்பா?

விமர்சகர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 150 குடிமக்கள் கொண்ட பருவநிலை மன்றம் பரிந்துரைத்த வரம்பு 4 மணி நேரம். அதை ஏற்றிருந்தால், ரயிலில் 3 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் பாரிஸ் – மார்செய் போன்ற பெரிய வழித்தடமும் சிக்கியிருக்கும். அரசு அதை 2½ மணியாகச் சுருக்கியது.

ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. குறைந்த தூர விமானம் எரிபொருளில் பெரும் பங்கை மேலே ஏறவே செலவழிக்கிறது. பிரான்ஸின் அதிவேக ரயிலோ மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி அணுமின் நிலையங்களில் இருந்து வருகிறது. இருந்தும் போர்தோவில் தடை சாத்தியமானதற்குக் காரணம் சட்டம் மட்டுமல்ல. அதற்கு முன்பே போட்டு முடிக்கப்பட்ட தண்டவாளம். நல்ல ரயில் இல்லாத ஊரில் இதே தடை வந்தால், பயணிகள் காரைத்தான் எடுப்பார்கள்.