கீழே கடை, மேலே வீடு

'வீட்டைக் கட்டிப் பார். கலியாணத்தைச் செய்து பார்' என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன பழமொழி. இன்றோ சாலையோரத்தில் மனை வைத்திருப்போர் வீடு மட்டும் கட்டுவதில்லை. கீழ்த்தளத்தில் கடைகள், மேல்தளங்களில் குடியிருப்புகள் என்று கட்டி வாடகைக்கு விடுகின்றனர். குடியிருக்கும் இடத்தில் வாணிகம் எதற்கு என்று குறைகூறுவோர் உண்டு. என் கட்சி வேறு. கடையும் வீடும் கூடி வாழலாம். ஆனால் அதற்குரிய ஒழுங்கு கட்டடத்தின் அமைப்பிலேயே இருக்க வேண்டும்.

இவ்வமைப்பு தமிழர்க்குப் புதிதன்று. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைத் தமிழர் கீழே கடை வைத்து மேலே குடியிருந்தனர். அந்நகருக்கு 1822-இல் திட்டம் வகுத்த ராஃபிள்ஸ், தெருவோரக் கட்டடங்களின் முன்னால் தொடர்ச்சியான நிழல்நடை விட வேண்டும் என்று விதித்தார். 'அஞ்சடி' என்று அங்குள்ள தமிழர் சொல்லும் அந்நடையில் மக்கள் இன்றும் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்கின்றனர். முன்கூட்டிச் செய்த விதி இரு நூற்றாண்டுகளாகப் பயன் தருகிறது.

முன்கூட்டி எண்ணாததன் விளைவைச் சென்னையில் காணலாம். மாம்பலத்து ஏரிப் பரப்பில், 1920-களில், பனகல் பூங்காவை நடுவில் வைத்து உருவாக்கப்பட்ட குடியிருப்புப் பகுதி தியாகராய நகர். நாளடைவில் வீடுகள் இருந்த மனைகளில் அடுக்குமாடிக் கடைகள் எழுந்தன. 2008-இல் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் பற்றிய தீயில் ஊழியர் இருவர் மாண்டனர். 2011-இல் விதிமீறிய கட்டடங்கள் பலவற்றுக்கு அதிகாரிகள் முத்திரை வைத்தனர். 2017-இல் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய துணிக்கடைக் கட்டடமே எரிந்து, பின்னர் இடிக்கப்பட்டது. கட்டி முடித்தபின் பூட்டுவதைவிடக் கட்டுமுன் வரைபடத்தைத் திருத்துவது எளிதன்றோ?

வேப்பந்தட்டையில் ஆத்தூர்ச் சாலையோரம் இத்தகைய கட்டடம் ஒன்று எழுமானால் அதன் வரைபடத்தில் நான் முதலில் தேடுவது மாடிப்படியைத்தான். முகப்பில் அகலமான படி வைத்தால் ஒரு கடையின் வாடகை போய்விடும் என்று உரிமையாளர் கணக்கிடுவார். அதனால் படி ஒடுங்கி ஒரு மூலைக்குப் போகும். படியின் அடியில் மின்மானிகள். படிக்கட்டில் கடைக்காரரின் அட்டைப்பெட்டிகள். கீழே தீப்பிடித்தால் மேலே உள்ள தாயும் குழந்தையும் எவ்வழியே இறங்குவர்? அந்த வாடகைக் கணக்கில் இவர்கள் உயிருக்கு இடமில்லையே!

எனவே, குடியிருப்போருக்குக் கடைக்குள் புகாத தனிப்படி வேண்டும். இறங்குவதற்கு இரண்டாவது வழியும் வேண்டும். நம் பழைய வீடுகளின் முற்றத்தைப் போல், காற்றும் வெளிச்சமும் வரக் கட்டடத்தின் நடுவே திறந்தவெளி வேண்டும். கடைகளின் முன் தாழ்வாரம் வேண்டும். மளிகை, மருந்து, தையல் கடைகள் வரலாம்; பட்டாசுக் கடையும் பற்றவைப்புப் பட்டறையும் வீட்டின் கீழ் வரலாகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்டது. 2019-இல் தமிழகம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. ஆனால் விதிப்படி வரைந்து ஒப்புதல் பெற்று, பிறகு வாகன நிறுத்தத்தையும் கடையாக்கிவிட்டால் விதி என்ன செய்யும்? அங்கே வேண்டுவது குடிமக்களின் விழிப்பு.

கலை படிக்கும் நமக்குக் கட்டடம் எதற்கு என்று எண்ணாதீர்கள், நண்பர்களே! நாளை மனை வாங்குவோரும், வாடகைக்குக் குடிபோவோரும், ஊராட்சியில் அமர்வோரும் நாமே. முன்பணம் கொடுக்குமுன் படிக்கட்டைப் பாருங்கள். நம் ஊர் இப்போதுதான் வளர்கிறது. தியாகராய நகருக்குக் கிட்டாத காலம் நம் கையில் இருக்கிறது, அதனை வீணாக்கலாமா?