பீர் போட்டியும் இட்லி மாவும்

பெங்களூர்ல வீட்டுலயே பீர் காய்ச்சுற ஆசாமிகள்ல நானும் ஒருத்தன். 'குடிகாரன் பதிவு'ன்னு ஓடிடாதீங்க :-)

போன வருஷம் ஒரு அமெச்சூர் போட்டிக்கு பெல்ஜியம் பாணி விட்பியர் காய்ச்சினேன். கோதுமை, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் அந்த வகைக்கு உரியதுதான். கூடவே ஊர்லேர்ந்து அம்மா அனுப்பின சுக்கையும் தட்டிப் போட்டேன். குடிச்சவங்க எல்லாரும் ஆஹா ஓஹோ! 24ஏ, விட்பியர்னே பதிஞ்சேன். 50க்கு 24 மார்க். "நல்ல பீர், ஆனா சுக்கு தூக்கல்"னு நடுவர் குறிப்பு.

செம கடுப்பு. தங்கமணிதான் சொன்னாங்க: "ஊத்தினது தோசை, கொண்டுபோனது இட்லிப் போட்டிக்கு. மாவு மேல என்ன தப்பு?"

அதானே! பிஜேசிபி கையேட்டை வச்சு நடக்கிற போட்டியில ருசி மட்டும் போதாது, சொன்ன வகைக்குப் பொருந்தணும். நீங்க என்ன நினைச்சுக் காய்ச்சினீங்கன்னு நடுவருக்குத் தெரியாது. அதனால என் கட்சி இதுதான்: ரெசிப்பியைப் பார்த்து வகையை எழுதாதீங்க. ஒரு கிளாஸ் ஊத்திக் குடிச்சுப் பார்த்து, நாக்கு சொல்றதை எழுதுங்க.

இந்தத் தடவை அதே பீர், 30ஏ, மசாலா பீர். அதுல என்னென்ன சேர்த்தோம்னு எழுதியே கொடுக்கணும். பரிசு கிடைக்குதோ இல்லையோ, அம்மாவோட சுக்கு இனி குத்தமில்ல.