காட்டுச் சட்டமும் கமிட்டிப் புரட்டும்

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் வந்து நிற்கின்ற எழுத்தறியாத ஒரு மனிதனுக்குக்கூட, தான் ஏறவேண்டிய பஸ் எது, அது எப்பொழுது கிளம்பும் என்பதைத் தெரிந்துகொள்ள வழியிருக்கின்றது. பலகை தமிழில் இருக்கின்றது. படிக்கத் தெரியாவிட்டால் கண்டக்டரைக் கேட்கலாம். ஆனால் அதே மனிதனுடைய காட்டையும் தண்ணீரையும் பற்றி டில்லியில் ஒரு சட்டம் செய்யப்படும்போது, அது எப்பொழுது கிளம்புகின்றது, எந்த வழியாகப் போகின்றது, ஆட்சேபணை சொல்ல எத்தனை நாள் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு ஏதாவது வழியிருக்கின்றதா என்று கேட்கின்றோம்.

"அதற்குத்தானே பார்லிமெண்டுக் கமிட்டி இருக்கின்றது" என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் கமிட்டியின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

1980-ம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்துவதற்காக 2023 மார்ச் 29-ந் தேதி லோக்சபையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. சுற்றுச்சூழலையும் வனத்தையும் பற்றிய மசோதாக்களைப் பரிசீலிப்பதற்கென்றே பார்லிமெண்டில் ஒரு நிலைக்கமிட்டி உண்டு. அப்பொழுது அதன் தலைவராயிருந்தவர் எதிர்க்கட்சியாகிய காங்கிரசைச் சேர்ந்த தோழர் ஜெய்ராம் ரமேஷ். மசோதா அங்கே போகவில்லை. ஆளுங்கட்சியைச் சேர்ந்த தோழர் ராஜேந்திர அகர்வாலைத் தலைவராக வைத்து, 31 பேர் கொண்ட ஒரு கூட்டுக்கமிட்டி இதற்கென்றே புதிதாக ஏற்படுத்தப்பட்டது. பிராது கொடுத்தவனே பஞ்சாயத்தாரையும் பொறுக்கிக்கொண்டால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதை நாம் சொல்ல வேண்டுமா?

நிற்க, அக்கமிட்டி மே மாதத்தில் பொதுஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு ஒரு விளம்பரம் செய்தது. கொடுத்த வாய்தா 15 நாள். விளம்பரத்தின் பாஷை இங்கிலீஷும் இந்தியும். சட்டம் செய்யுமுன் நகல் மசோதாவைக் குறைந்தது 30 நாளாவது ஜனங்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று 2014-ல் இந்திய சர்க்காரே ஒரு கொள்கை வகுத்திருக்கின்றது. அதில் பாதி நாளே கொடுத்து, தெரியாத பாஷையில் கேட்டால், துறையூருக்கு மேலே பச்சைமலையில் மரவள்ளி போட்டுப் பிழைக்கின்ற ஒரு மலைவாசி என்ன பதில் எழுதுவான்? கேட்டதாகவே அவனுக்குத் தெரியாதே!

நம் வீடுகளில் திவசம் நடத்தி வைக்கின்ற புரோகிதருடைய காரியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாளைக் குறிப்பவர் அவர். மந்திரம் நமக்குப் புரியாத பாஷையில். நாம் செய்யவேண்டியதெல்லாம் தலையாட்டிவிட்டுத் தட்சணை வைப்பதுதான்.

தமிழில் விளம்பரமில்லை என்று ஒருவர் வழக்குத் தொடர்ந்ததில், நமது ஜில்லாவுக்கும் ஹைகோர்ட்டாக இருக்கின்ற மதுரைக் கிளை மே மாதத்திலேயே இடைக்காலத் தடை கொடுத்தது. அப்படியிருந்தும் கமிட்டியின் வண்டி நின்றபாடில்லை. அதற்கு வந்து சேர்ந்த மனுக்கள் 1,309. ஜூலை 20-ந் தேதி அறிக்கை வந்தது. மசோதாவை மாற்றவேண்டியதில்லை என்பதே அதன் முடிவு. எதிர்க்கட்சி மெம்பர்கள் சிலர் எழுதிக் கொடுத்த மாறுபட்ட அபிப்பிராயங்கள் அறிக்கையின் பின்னால் ஒட்டப்பட்டதோடு சரி. ஜூலை 26-ல் கூச்சலுக்கிடையே லோக்சபையில் நிறைவேறி, ஆகஸ்டு 2-ல் ராஜ்யசபையில் நிறைவேறி, 4-ந் தேதி ஜனாதிபதியின் சம்மதமும் கிடைத்துவிட்டது. ஜனங்கள் யோசிப்பதற்கு 15 நாள். அறிக்கை சட்டமாவதற்கும் அதே 15 நாள்!

சட்டத்துக்கு இட்ட புதுப் பெயரோ "வன் (சம்ரக்ஷண் ஏவம் சம்வர்தன்) அதிநியம்". சத்திரத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் எத்தனை பேர் இதை வாய் தடுக்காமல் சொல்லிவிடுவார்களோ பார்க்கலாம்.

இதனால் போனது என்ன? நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துக் காட்டு மரங்களை வெட்டியதைப் பற்றி எழுந்த கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பர் 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அகராதிப்படி காடு என்று சொல்லத்தக்கது எதுவோ அது யாருடைய சொத்தானாலும் காடுதான் என்று சொல்லிற்று. புதுச் சட்டமோ, சர்க்கார் காடென்று அறிவித்ததும், 1980 அக்டோபர் 25 முதல் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் காடென்று ஏறியதும்தான் காடு என்கின்றது. எல்லைக்கு 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்பு சம்பந்தமான சாலை முதலியவற்றுக்கு விலக்கும் கொடுக்கின்றது. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டே 2024 பிப்ரவரி 19-ல் தலையிட்டு, தற்காலத்துக்குப் பழைய அர்த்தத்தையே அனுசரிக்கும்படி உத்தரவிட நேர்ந்தது. கமிட்டி நிதானமாய்ச் செய்திருக்கவேண்டிய வேலை இதுவல்லவா?

அவசரம் என்று சமாதானம் சொல்லுகின்றார்கள். அப்படியானால், உயிரியல் பன்மைச் சட்டத் திருத்தத்தின்மேல் இன்னொரு கூட்டுக்கமிட்டி 2022 ஆகஸ்டு 2-ல் கொடுத்த அறிக்கை ஏறக்குறைய ஒரு வருஷம் தூங்கியதே, அப்பொழுது அந்த அவசரம் எங்கே போயிருந்தது? அதையும் 2023 ஜூலை, ஆகஸ்டில் கொண்டுவந்து, சுற்றுச்சூழல் குற்றங்களுக்கு ஜெயிலை எடுத்துவிட்டு அபராதம் போதும் என்ற ஜன் விஸ்வாஸ் மசோதாவையும் சேர்த்து, ராஜ்யசபையில் இரண்டே நாளில் மூன்றையும் முடித்தார்கள். ஆகவே அவசரமென்பது ஜனங்களுக்கு மாத்திரம்தான் போலும்.

கமிட்டி என்றாலே வீண் என்பது நமது வாதமல்ல. வன உரிமை மசோதா 2005 டிசம்பரில் வந்தபோது, தோழர் கிஷோர் சந்திர தேவ் தலைமையிலிருந்த கூட்டுக்கமிட்டி சர்க்காரின் மசோதாவையே புரட்டிப் போட்டது. 1980 என்றிருந்த கெடு 2005 டிசம்பர் 13 ஆயிற்று. பழங்குடிகளல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் பிழைத்துவந்த மற்றவர்களுக்கும் உரிமை வந்தது. ஒரு வருஷம் பிடித்தது, பிடிக்கட்டுமே! ஆனால் நிலைமை வரவரக் கீழே போகின்றது. 2009 முதல் 2014 வரை இருந்த லோக்சபையில் 100-க்கு 71 மசோதாக்கள் கமிட்டிக்குப் போயின. 2019 முதல் 2024 வரை இருந்ததில் 16. போனதும் மூடிய அறைக்குள்தான். இங்கிலாந்தில் மசோதாக் கமிட்டி வழக்கமாகச் செவ்வாய், வியாழன் என்று கிழமை சொல்லி, யாரும் வந்து பார்க்கும்படி உட்காருகின்றது.

ஆதலால் இனி காட்டையோ ஆற்றையோ பற்றிய மசோதா வந்தால், அது தமிழில் அச்சாகிக் கிராமத்துக்கு வந்தபிறகே நாள் எண்ணத் துவங்கவேண்டும். 60 நாளாவது கொடுக்கவேண்டும். எழுதத் தெரியாதவன் வாயால் சொல்வதைக் கேட்கக் கமிட்டியே நேரில் வரவேண்டும். பார்லிமெண்டுக் கமிட்டிகள் ஊர் ஊராய்ச் சுற்றுப்பயணம் போவது புதிதல்ல. பச்சைமலை ஏற முடியாதென்றால் துறையூர் வரையிலாவது வரட்டும். பிரயாணச் செலவு எப்படியும் நமது வரிப்பணம்தானே!